ஒன்பது டன் தகட்டின் காணாமல் போன மூலை

நான் வேலை பார்த்த யார்டில் இப்போது ஒவ்வொரு இரும்புத் தகட்டிலும் கியூஆர் கோடு ஒட்டுகிறார்களாம். ஃபோனைக் காட்டினால் போதும், எந்த ஆலையில் உருக்கியது, எந்தக் கப்பலில் வந்தது, யார் சோதித்தார்கள், எல்லாம் திரையில் வந்துவிடுமாம். போன மாதம் அங்கே புதிதாக வந்திருக்கும் தர மேலாளர் என்னைக் கூப்பிட்டார். என் மகள் வயதுதான் இருக்கும். இதெல்லாம் இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் அங்கிள், புது ஆட்களுக்குக் கொடுக்க இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், கொஞ்சம் ஊக்கமூட்டுகிற மாதிரி இருக்கட்டும் என்றார். உட்கார்ந்து எழுதினேன். வந்தது இதுதான். இதில் ஊக்கம் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். துறைமுக ஊரான பாசிர் கூடாங் பக்கத்தில் எங்கள் யார்டு. பாய்லர்களுக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் பெரிய பெரிய அழுத்தக் கலன்கள் செய்வோம். உள்ளே நானூறு டிகிரிக்கு மேல் சூடு, அதோடு ராட்சச அழுத்தம். சாதாரண இரும்பு அதைப் பல வருஷம் தாங்காது. அதனால் குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த எஃகுத் தகடு வரும். குரோம்-மோலி என்போம். பார்த்தால் அதுவும் மற்ற இரும்பு மாதிரியேதான் இருக்கும். துருகூட அதே நிறம்தான். கண்ணால் பார்த்து இதுதான் அது என்று சத்தியம் செய்கிறவனை நம்பக் கூடாது.

நம்ப வேண்டியது எண்ணை. ஒரே உலையில் ஒரே தடவையில் உருக்கிய எஃகு எல்லாவற்றுக்கும் ஒரே எண். அதுதான் ஹீட் நம்பர். அதைத் தகட்டின் ஒரு மூலையில் ஆலையிலேயே ஆழமாக அடித்து அனுப்புவார்கள். சான்றிதழிலும் அதே எண் இருக்கும். எண் அழிந்துபோனால் ஒன்பது டன் எஃகு கண் முன்னால் கிடந்தாலும் விதிப்படி அங்கே ஒன்றுமே இல்லை.

நான் பிறந்தது சிம்பாங் ரெங்கம் பக்கம் ஓர் எஸ்டேட்டில். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்து, மாசாயில் மாமா வீட்டில் தங்கி, கிரைண்டர் பிடித்து, வெல்டருக்கு எடுபிடியாக இருந்து, மாலை வகுப்பு போய், தரப் பரிசோதகர் ஆவதற்குப் பதினொரு வருஷம் ஆனது. அந்தப் பதினொரு வருஷத்தில் சொல்ல ஒன்றுமில்லை, புகைதான் அதிகம்.

பரிசோதகர் ஆனபின் எனக்கு வாய்த்த மேலதிகாரி மேடம் லியோங். ஒல்லியான அம்மா, எப்போதும் முழுக்கைச் சட்டை, காதுக்குப் பின்னால் பென்சில். எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி படித்துப் பார்த்து, மாறவில்லை என்றால்தான் பேனா. எங்களிடம் மலாயில்தான் பேசுவார், அதுவும் குறைவாக. வேலை சரியாக இருந்தால் பாராட்ட மாட்டார். "இன்னும் தப்பாகல" என்பார். அதைக் கேட்டவன் அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்.

தகட்டை வெட்டுவதற்கு முன்னால் எண்ணை ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றி அடிக்க வேண்டும். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஓர் ஆள் குனிந்து மூல எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படிக்க வேண்டும். இன்னோர் ஆள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே நம்பர் பஞ்ச் என்கிற எண் அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் இடம் மாறி நின்று, அதே எண்ணைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். முன்னோக்கிப் படித்தால் கண் தான் நினைப்பதைப் படிக்கும், பின்னோக்கிப் படித்தால்தான் இருப்பதைப் படிக்கும் என்பது அவர் கட்சி. அந்த நம்பர் பஞ்சும் சாதாரணமானது இல்லை, முனை மழுங்கியது. கூர்முனையால் அடித்தால் அந்தக் கீறலிலிருந்தே பின்னால் விரிசல் கிளம்பலாம். பஞ்ச்கள் இருக்கும் பெட்டி அவர் மேசை டிராயரில் பூட்டி இருக்கும். சாவி அவர் கழுத்துச் சங்கிலியில்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு மீன் குழம்பு விவகாரத்தைச் சொல்ல வேண்டும். குரோம்-மோலியை வெல்டு செய்வதற்கு முன்னால் சூடாக்க வேண்டும், வெல்டு முடியும்வரை சூடு இறங்கக் கூடாது. மேலே வெப்பப் போர்வை போட்டு மூடி வைப்போம். ஒரு நாள் அந்தப் போர்வையை மேடம் தூக்கிப் பார்த்தபோது உள்ளே ஒரு டிபன் கேரியர் சுடச்சுட உட்கார்ந்திருந்தது. வெல்டர் ஒருவருடையது. வேறு யாராக இருந்தாலும் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் குறைபாட்டு அறிக்கை எழுதினார். வரிசை எண் போட்டு, குறைபாட்டின் விவரம் என்ற இடத்தில் 'மீன் குழம்பு, ஏறத்தாழ அரை லிட்டர், அனுமதியில்லாதது' என்று. மூல காரணம் என்ற கட்டத்தை நான் நிரப்ப வேண்டும். நான் 'பசி' என்று எழுதிக் கொடுத்தேன். அறிக்கை திரும்பி வந்தது. பசி காரணம் ஆகாது, அது எல்லோருக்கும் உள்ள நிலைமை, காரணத்தைத் தேடு என்று பென்சிலில் குறிப்பு. தேடினேன். காண்டீன் பன்னிரண்டரைக்கே மூடிவிடுகிறது, வெல்டர்களுக்கு ஓய்வு ஒரு மணிக்கு. பல வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறது, யாரும் கேட்டதில்லை. அடுத்த வாரத்திலிருந்து காண்டீன் இரண்டு மணிவரை திறந்திருந்தது. எதையும் சிரித்துத் தள்ளக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

இனி அந்த மூலை.

ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கான கலனுக்கு அறுபது மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு குரோம்-மோலித் தகடுகள் வந்தன, கலனுக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. தலைக்கு ஒன்பது டன். ஒரே ஆலை, ஒரே தரம், ஒரே அளவு, ஆனால் வேறு வேறு உருக்கு. ஒன்றின் எண் 47-இல் முடிந்தது, மற்றது 74-இல். இரண்டிலிருந்தும் ஒரு மூலையை வெட்டி செனாயில் இருந்த சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அதை உலையில் வைத்துச் சூடாக்கி, குளிர வைத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக அறுத்து, சம்மட்டியால் அடித்து உடைத்துப் பார்ப்பார்கள். எளிதில் உடைந்தால் அந்தத் தகடு ஆகாது.

ஆலையில் எண் அடித்திருந்ததும் அதே மூலையில்தான். அதனால் வெட்டுவதற்கு முன் எண்ணை மூலையை விட்டு உள்ளே தள்ளித் தகட்டில் மாற்றி அடித்திருக்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. மேடம் குளுவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், கழுத்துச் சங்கிலியோடு. செனாய் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் பெயிண்ட் மார்க்கரால் இரண்டு தகடுகளிலும் எண்ணை எழுதிவிட்டு, வெட்டு என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பஞ்ச் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்தது, நினைப்பு வரவில்லை. மூன்று வாரம் போனது.

மூன்றாம் வாரக் கடைசியில், கலனை வாங்கும் நிறுவனத்தின் பெரிய தலை யார்டைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் நிர்வாகத்துக்குப் பதற்றம். பெயிண்ட் கான்ட்ராக்டர் மாரியப்பனைக் கூப்பிட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளில் யார்டில் அசையாமல் இருக்கிற எல்லாவற்றுக்கும் சாம்பல் பெயிண்ட் அடித்துவிடு என்றார்கள். மாரியப்பன் மாசாயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

திங்கட்கிழமை காலை யார்டுக்குள் நுழைந்தால் ஒரே சாம்பல் உலகம். தூண்கள், குழாய்கள், தீயணைப்பு வாளிகள், காவலாளி உட்காரும் நாற்காலி, ரிப்பேருக்காக ஆறு மாசமாக நின்றுகொண்டிருந்த ஃபோர்க்லிஃப்ட், அதன் டயர் உட்பட. வெள்ளிக்கிழமை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன தொப்பிகூட மேசையோடு சேர்ந்து சாம்பல். பெரிய தலை வந்தார், பத்து நிமிஷம் நடந்தார், ரொம்பச் சுத்தம் என்றார், போய்விட்டார்.

நான் தகடுகள் இருந்த இடத்துக்கு ஓடினேன். மாரியப்பன் ஆட்கள் வேலையில் குறை வைக்கவில்லை. மணல் அடித்துத் துருவை எடுத்து, கிரேனால் தூக்கித் திருப்பி, இரண்டு பக்கமும் அடித்து, அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். என் மார்க்கர் எழுத்து மணலோடு போயிருந்தது. எது எங்கே இருந்தது என்பதும் கிரேனோடு போயிருந்தது.

அன்று மத்தியானமே சோதனைக்கூடத்து அறிக்கை வந்தது. 74 தேறிவிட்டது. 47 உடைந்துவிட்டது.

இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன. ஒன்று நல்லது. இன்னொன்றை வளைத்துக் கலனாக்கினால், என்றைக்கோ ஒரு நாள், ஆட்கள் பக்கத்தில் நிற்கும்போது பிளக்கலாம். உலோகக் கலவையைக் காட்டும் துப்பாக்கி ஒன்று உண்டு, அதை வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே குரோமியம், ஒரே மாலிப்டினம். கடினத்தை அளந்தோம், ஒன்றே. மறுபடி ஒரு மூலை வெட்டிச் சோதிக்கலாம் என்றால், தகட்டின் அளவு கலனுக்கு மட்டுமட்டு. இன்னொரு மூலை போனால் கலன் குட்டையாகிவிடும். புதுத் தகடு வரவழைக்க எட்டு மாதம்.

செவ்வாய்க்கிழமை நிர்வாகம் கூட்டம் போட்டது. அடையாளத்தை அழித்தது பெயிண்ட் ஆட்கள், ஆகவே மாரியப்பனின் கான்ட்ராக்டை நிறுத்துவது என்று பேச்சு போனது. மாரியப்பனையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அசையாததுக்கு அடிக்கச் சொன்னீங்க, அடிச்சேன். அந்தத் தகடு அசையலையே சார்" என்றார். அவர் கிண்டல் செய்கிறார் என்று மேலாளர் கோபப்பட்டார். மாரியப்பனுக்குக் கிண்டல் வராது என்று எனக்குத் தெரியும். பஞ்ச் அடித்திருந்தால் பெயிண்டுக்கு அடியிலும் எண் இருந்திருக்கும் என்பதும் தெரியும். மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மேசையும் சாம்பல் நிறம்.

புதன்கிழமையும் நான் பேசவில்லை. சாயங்காலம் மாசாயில் மாரியப்பன் என்னை வழியில் பார்த்து, அண்ணே, எனக்காக நீங்கள் கொஞ்சம் பேசுங்கள், உங்கள் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு என்றார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. மனைவி என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டே, "நாளைக்குச் சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலை மேடம் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், லாரி, மார்க்கர், மறந்த திங்கட்கிழமை. அவர் குறைபாட்டு அறிக்கையைத் திறந்து வைத்திருந்தார். பொறுப்பு என்ற இடத்தில் பென்சிலில் மாரியப்பன் பெயர் இருந்தது. ரப்பரால் அதை மெதுவாக அழித்தார். என் பெயரை எழுதினார். பிறகு அதற்கு மேலே தன் பெயரையும் எழுதினார். எதற்கு மேடம் என்றேன்.

"சாவியை நான்தான் கல்யாணத்துக்குக் கொண்டு போனேன்."

அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு நாள் காத்திருக்கவில்லை. உடனே பேனாவை எடுத்து இரண்டு பெயர்களின் மேலும் எழுதினார்.

பிறகு என்னை உட்கார வைத்து, வெட்டிய நாளை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவைதான் எனக்கே ஞாபகம் வந்தது. ஒரு தகட்டை வெட்டும்போது பாதியில் கேஸ் தீர்ந்து, வெட்டும் நெருப்பு டார்ச் அணைந்தது. புதுச் சிலிண்டர் மாட்டி மறுபடி பற்றவைத்தபோது அந்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. குழி விழுந்தால் வெட்டின இரண்டு பக்கமும் விழும். எந்தத் தகட்டில் என்பது மட்டும் நினைவில்லை.

இரண்டு பேரும் யார்டுக்கு ஓடினோம். மேடம் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பெயிண்டைச் சுரண்டினோம். ஒரு தகட்டின் வெட்டுமுகத்தில் கட்டைவிரல் அளவுக்குக் குழி இருந்தது. இனி வேண்டியது அதற்கு எதிர்ப்பக்கம். சோதனைக்குத் துண்டு எடுக்கும்போது நெருப்பு பட்ட ஓரத்தைத் தொட மாட்டார்கள். ஆக, ஆலை எண்ணும் வெட்டுமுகமும் உள்ள மிச்சத் துண்டு செனாயில் எங்கேயாவது கிடக்க வேண்டும்.

செனாய்க்குப் போனோம். கிடக்கவில்லை. தேறிய தகட்டின் மிச்சம் பழைய இரும்போடு போய்விட்டது என்றார்கள். மற்றது? அங்கே வேலை செய்த ஓர் ஆள் தலையைச் சொறிந்தார். எதிரே காதர் பாய் என்பவரின் சாப்பாட்டுக் கடையில் வெளி மேசைக் குடை காற்றில் பறந்து ஒரு கார் மேல் விழுந்துவிட்டது. அந்த ஆள் தினமும் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், குடிக்கிற கடை. பாவம் என்று குடைக்காலில் வைக்க அந்தக் கனமான துண்டைக் கொடுத்திருக்கிறார்.

சாலையைக் கடந்து போய்ப் பார்த்தோம். வாசலில் பச்சைக் குடை. அதன் காலின் மேல், பத்துக் கிலோ அரிசிப் பையைவிடக் கொஞ்சம் கூடுதல் எடையில், குழம்பும் தேயிலையும் சிந்திக் கறுத்துப்போன ஒரு கட்டி. நான் மண்டியிட்டு, கடைத் துணியால் துடைத்தேன். எண் தெரிந்தது. முன்னோக்கிப் படித்தேன், மேடம் பின்னோக்கிப் படித்தார். 47. வெட்டுமுகத்தில் குழி இருந்தது. பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

காதர் பாய் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், நிதானமான மனிதர். நான் கேட்டதை முழுதாகக் கேட்டுவிட்டு, "எடுத்துக்கங்க அண்ணே. ஆனா மழை வர்ற மாதிரி இருக்கு. பதிலுக்கு ஒண்ணு வச்சிட்டு எடுங்க" என்றார். எங்கள் வேனில் இருந்த ஸ்பேர் டயரை வைத்தோம். இன்னொன்றும் வேண்டும் என்றார் மேடம். துண்டு கை மாறிய வரலாறு எழுத்தில் இருக்க வேண்டும். கடையில் பில் புத்தகத்தைத் தவிர வேறு தாள் இல்லை. அதன் ஒரு தாளில், இந்த இரும்பு இன்னார் கொடுத்து இத்தனை நாளாக என் குடைக்கடியில் இருந்தது, நான் இதை வெட்டவோ, தேய்க்கவோ, சூடாக்கவோ இல்லை என்று மேடம் சொல்லச் சொல்ல மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் இன்றும் கலனின் ஆவணத் தொகுப்பில், ஆலைச் சான்றிதழுக்கும் சோதனை அறிக்கைக்கும் நடுவில் இருக்கிறது. மேலே 'இருந்து சாப்பிட / கட்டிக்கொடுக்க' என்று அச்சடித்திருக்கும்.

யார்டில் துண்டைத் தகட்டோடு வைத்துப் பார்த்தோம். குழிக்குக் குழி, வரிக்கு வரி பொருந்தியது. வாங்குபவர் தரப்புப் பரிசோதகர், நாங்கள் மரியாதையாக என்சிக் என்று கூப்பிடும் ஜமால், உருப்பெருக்கியால் அரை மணி நேரம் பார்த்தார். பிறகு, இது கெட்ட தகடு என்று நிரூபித்துவிட்டீர்கள், மற்றது நல்ல தகடு என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன், மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். வரவுப் பதிவேட்டை அவர் முன் வைத்து, இந்தக் கனத்தில் இந்தத் தரத்தில் யார்டுக்குள் வந்தது இரண்டே தகடு, மூன்றாவது இருந்தால் நீங்களே கண்டுபிடியுங்கள் என்றார். ஜமால் அளவுகோலோடு கிளம்பினார். மத்தியானம் முழுக்க வெயிலில் யார்டைச் சல்லடை போட்டார். சாம்பல் ஃபோர்க்லிஃப்ட்டின் முள்ளைக்கூட அளந்தார். நான்கு மணிக்கு வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

அன்றே 74-ஐப் பஞ்ச் அடித்தோம். நான் படித்தேன், மேடம் அடித்தார். கலன் நேரத்துக்குக் கப்பலேறியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மேடத்துக்கும் வந்தது. கெட்ட தகட்டைத் திருப்பி அனுப்பினால், தகடு முழுதாக இல்லை, மூலையைக் காணோம் என்று விற்றவர்கள் வாங்க மறுத்தார்கள். அதனால் அந்தத் துண்டும் தகட்டோடு போய்ச் சேர்ந்தது. காதர் பாய்க்கு எங்கள் கழிவிலிருந்து அதே எடையில் ஒரு சாதாரண இரும்புக் கட்டியை அறுத்தோம். பெயரில்லாமல் யார்டை விட்டு எதுவும் போகக் கூடாது என்று மேடம் அதற்கும் எண் அடித்து, ஒரு சான்றிதழும் தயாரித்தார். பயன்பாடு என்ற இடத்தில் 'குடை'. காதர் பாய் அதைச் சட்டம் போட்டு கல்லாவுக்குப் பின்னால், கடை லைசென்ஸுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

மாரியப்பனின் கான்ட்ராக்ட் தொடர்ந்தது. நான் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன், புதன்கிழமை சாயங்காலம் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சேர்த்து. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு உள்ளே பார்த்துக் காப்பி போடச் சொன்னார். அதற்குப் பிறகு எதற்குப் பெயிண்ட் அடிப்பதென்றாலும் என்னைக் கேட்காமல் தூரிகையைத் தொட மாட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. போன தீபாவளிக்கு முந்தின வாரம் காலையில் ஃபோன் செய்தார். வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறாராம்.

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கண்ணே. எங்கயாச்சும் நம்பர் இருந்துறப் போவுது."

சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி போட்டு, கேட்டை மேலிருந்து கீழ்வரை, இரண்டு பக்கமும், கீல் வரைக்கும் பார்த்தேன். ஒரு நம்பரும் இல்லை, அடிக்கலாம் என்றேன். மாரியப்பன் தலையை ஆட்டினார், ஆனால் டப்பாவைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து, கேட்டில் நம்பர் இல்லை என்று எழுதிய ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

கேட்டின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.